யேலின் மதிலுக்கு வெளியே

அமெரிக்க நகரங்களின் சிதைந்த தெருக்களைக் காரில் மெதுவாகக் கடந்தபடியே படம்பிடித்து, ‘நீங்கள் கனவு காணும் அமெரிக்கா இதுதான்’ என்ற தலைப்போடு வெளியிடும் தமிழ்க் காணொளிகள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கின்றன. பிலடெல்பியாவின் கென்சிங்டன் பகுதி இவற்றில் அடிக்கடி வருகிறது. நடைபாதையில் போதையில் குனிந்து நிற்கும் மனிதர்களின் முகத்தை மறைக்கும் குறைந்தபட்ச நாகரிகம்கூட அவற்றில் பலவற்றில் இல்லை. தாயகத்தில் இவற்றைக் காண்போர், ஊரைக் குறைசொல்லும் வெளிநாட்டு உறவினருக்குப் பதிலடி கிடைத்த நிறைவோடு பகிர்கிறார்கள். புலம்பெயர்ந்தோர் தரப்பிலிருந்து, ‘அது கெட்ட ஏரியா, அங்கெல்லாம் யாரும் போவதில்லை, நாங்கள் இருக்கும் இடம் வேறு’ என்ற மறுப்பு உடனே வந்து சேர்கிறது. அந்தத் தெரு ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்வி இரு தரப்பிலும் எழுவதில்லை. இவற்றில் புலம்பெயர்ந்தோரின் மறுப்பே கூடுதல் கேடு செய்வது. ஏனெனில் காணொளி பார்த்து மறக்கப்படுகிறது, ‘கெட்ட ஏரியா’ என்ற சொல்லோ ஆண்டுதோறும் ஆகஸ்டில் வந்திறங்கும் புதிய மாணவர்களுக்கு மூத்த மாணவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் தரும் முதல் அறிவுரையாக நிலைபெற்றுவிடுகிறது.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரம் இதை ஆராய்வதற்குப் பொருத்தமான இடம். 1638-இல் ஆங்கிலேயப் பியூரிட்டன் குடியேறிகள் ஒன்பது சதுரங்களாக வகுத்து நிறுவிய இத்துறைமுக நகருக்கு 1716-இல் ஒரு சிறு கல்லூரி இடம்பெயர்ந்தது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 1,34,023. பல்கலைக்கழகத்தின் நிலைநிதி, அதாவது நன்கொடைகளை முதலீடு செய்து அதன் வருவாயில் நிறுவனத்தை நடத்துவதற்கென வைத்திருக்கும் மூலதனம், 4,000 கோடி டாலருக்கும் மேல். அதே நகரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அரசின் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்கிறார். இவ்வளவு செல்வமும் இவ்வளவு வறுமையும் நடந்து கடக்கக்கூடிய தொலைவில் அடுத்தடுத்து நிற்பதுதான் புதிதாக வருபவரை முதலில் திகைக்க வைப்பது.

அந்தத் தொலைவைக் கடப்பதற்கு ஒரு பாதையும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட ஃபார்மிங்டன் கால்வாய் சில பத்தாண்டுகளிலேயே கைவிடப்பட்டு, அதன் வழித்தடத்தில் ரயில் பாதை போடப்பட்டது. ரயிலும் நின்றபின் அது நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் மாற்றப்பட்டிருக்கிறது. யேலின் கட்டடங்களுக்கு நடுவே வரும் அப்பாதை டிக்ஸ்வெல் பகுதியின் விளிம்பைத் தொட்டு, பழைய வின்செஸ்டர் துப்பாக்கித் தொழிற்சாலையை ஒட்டிச் சென்று, நியூஹால்வில் என்ற குடியிருப்பின் ஊடாக அண்டை நகரான ஹாம்டனுக்குள் நுழைகிறது. கல்லூரியின் கற்கோபுரங்கள் முதுகுக்குப் பின்னே மறைந்த சிறிது நேரத்திலேயே இருபுறமும் மரவீடுகள் தொடங்கிவிடுகின்றன.

அவ்வீடுகளில் ஒன்றை அருகில் நின்று பார்ப்பது பயனுள்ளது. மூன்று தளங்கள், தளத்துக்கு ஒரு குடும்பம். முகப்பில் தூண்கள் தாங்கும் திறந்த முன்தாழ்வாரம், அதன் ஒரு தூண் சற்றே சாய்ந்து, அடியில் செங்கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்பதிந்த பலகைகளின் வண்ணப்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே பழைய பச்சையும் அதற்குள் இன்னும் பழைய மஞ்சளும் தெரியும். இரண்டாம் தளத்துச் சன்னலொன்றில் கண்ணாடிக்குப் பதில் ஒட்டுப்பலகை அறையப்பட்டிருக்கும். கதவருகே மூன்று அஞ்சல் பெட்டிகளில் இரண்டில்தான் பெயர் இருக்கும். எதிரே மின்கம்பத்தில், ‘வீடுகளை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்’ என்ற கையெழுத்து அட்டை தொலைபேசி எண்ணோடு தொங்கும். உரிந்து விழும் அந்த வண்ணச் செதில் அற்பமானதன்று. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த வண்ணம் பூசுவது 1978-இல்தான் தடைசெய்யப்பட்டது. இவ்வீடுகள் பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் முன்பு கட்டப்பட்டவை. தரையில் உதிரும் தூசு தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகிறது. இரத்தத்தில் கலந்த ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, பாதித்ததை மீட்க வழியும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இத்தெருக்கள் முதற்பார்வையில் ஏழைகளின் தெருக்களாகவே தோன்றுவதில்லை. சாலை அகலமாக இருக்கிறது. சாக்கடை மண்ணுக்கு அடியில் ஓடுகிறது. குழாயில் எந்நேரமும் நீர் வருகிறது. குப்பை வண்டி வாரந்தோறும் வருகிறது. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த நினைவுள்ளவருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே குழாய்நீர் என்ற நிலையை எட்ட இந்திய நகரங்கள் இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டும். ஆனால் சில நாள் நடந்து பழகியபின், இல்லாதவை கண்ணில் படத் தொடங்கும். காலை ஆறு மணிக்கு இட்லி அவிக்கும் அடுப்பு எந்த முனையிலும் இல்லை. தேநீர்க் கடை இல்லை. கையில் சில்லறையோடு குழந்தை ஓடிப்போய் அரைக்கிலோ பருப்பு வாங்கிவரும் மளிகைக் கடை இல்லை. இருக்கும் முனைக்கடைகளில் சிகரெட்டும் குளிர்பானமும் உறைகளில் அடைத்த நொறுக்குத் தீனியும்தான் முன்வரிசையில் இருக்கின்றன. வேய்லி அவென்யூவில் இருந்த பெரிய மளிகை அங்காடி 2010-இல் மூடப்பட்டபோது, கார் இல்லாத குடும்பங்கள் புதிய கடை திறக்கும்வரை காய்கறிக்காகப் பேருந்து ஏறி அண்டை நகருக்குப் போக நேர்ந்தது. ஏழைகளுக்கு உணவு வாங்க அரசு மின்னட்டையில் மாதந்தோறும் பணம் போடுகிறது. அது மதிக்கத்தக்க திட்டமே. ஆயினும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடையைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடும் இம்முறையைவிட, அரிசியையே நடக்கும் தொலைவில் ரேஷன் கடை வழியாக, அரிசி அட்டை வைத்திருப்போர் அனைவருக்கும் கொண்டுசேர்க்கும் தமிழ்நாட்டின் முறை ஏழையின் கால்கள் எட்டும் தொலைவை அறிந்து அமைக்கப்பட்டது என்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். எடைக்குறைவு, தரக்குறைவு என்று ஆயிரம் குறை சொல்லப்பட்டும் ரேஷன் கடை தெருவிலிருந்து நகரவில்லை.

எனினும் இக்கட்டுரையின் முதன்மைக் கவலை வேறு. மூத்த மாணவர்கள் கையளிக்கும் பட்டியலில் நான்கு பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: டிக்ஸ்வெல், நியூஹால்வில், ஹில், ஃபேர் ஹேவன். இவற்றுள் முதல் இரண்டும் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்பவை. மற்ற இரண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் மிகுதி. பட்டியல் தயாரிப்பவருக்கு இனவெறுப்பு இருக்க வேண்டியதில்லை. தங்கை போன்ற ஒருத்திக்கு நல்லது சொல்லும் அக்கறைதான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் இப்பகுதிகளில் பலவற்றை இதற்குமுன் ஒருமுறை அரசே பட்டியலிட்டிருக்கிறது என்பதும், அந்தப் பட்டியல்தான் இப்பட்டியலைப் பெற்றெடுத்தது என்பதும் வாட்ஸ்அப் குழுவில் சொல்லப்படுவதில்லை.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களைக் காக்க, 1933-இல் அமெரிக்க மத்திய அரசு வீட்டு உடைமையாளர் கடன் கழகம் என்ற அமைப்பை உருவாக்கியது. அக்கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஒவ்வொரு குடியிருப்பையும் மதிப்பிட்டு வரைபடம் தயாரித்தது. நியூ ஹேவனின் வரைபடம் 1937-ஐச் சேர்ந்தது. முதல்தரப் பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள், ‘ஆபத்தானது’ என்று கருதப்பட்ட நான்காவதற்குச் சிவப்பு. இம்மதிப்பீட்டின் அடிப்படையில் ஒரு பகுதி முழுவதற்கும் கடனும் காப்பீடும் மறுக்கும் வழக்கத்துக்குச் ‘சிவப்புக் கோடிடல்’ என்ற பெயர் பின்னாளில் ஏற்பட்டது. மதிப்பீட்டுக்கு நிரப்பப்பட்ட படிவத்தைப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் வயது, பழுதுநிலை, வாடகை ஆகியவற்றோடு, வெளிநாட்டில் பிறந்தோர் எத்தனை விழுக்காடு, கறுப்பினத்தவர் உண்டா, எவ்வகை மக்கள் அப்பகுதிக்குள் ஊடுருவிவருகிறார்கள் என்ற வினாக்களும் அச்சிடப்பட்ட கட்டங்களாக அதில் இருக்கின்றன. தட்டச்சு எந்திரத்தின் முன் அமர்ந்த ஓர் எழுத்தர், அண்டைவீட்டாரின் தோல்நிறத்தைக் கூரையின் ஒழுக்கலோடு சேர்த்து ஒரே தாளில் குறைபாடாகப் பதிந்திருக்கிறார். சொத்து வணிகர்களும் கடன் வழங்குவோரும் சொன்னதைத்தான் அவர் பதிந்தார். தனியாரின் வெறுப்பு அவ்வகையில் அரசின் ஆவணமாயிற்று.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள, அமெரிக்க நடுத்தரக் குடும்பம் எதனால் நடுத்தரமாயிற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1934-க்குப் பின் மத்திய அரசு வீட்டுக்கடனுக்குப் பிணை நின்றது. அதனால் சாதாரணத் தொழிலாளி சிறிது முன்பணம் கட்டி, எஞ்சியதை நீண்டகாலத் தவணையில் அடைத்து வீட்டுக்காரராக முடிந்தது. அவ்வீட்டின் விலை உயர்ந்து, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகவும் முதுமைக்கான காப்பாகவும் ஆயிற்று. இந்த ஏணி டிக்ஸ்வெல்லுக்கு வைக்கப்படவே இல்லை. அங்கு வீட்டைப் பழுதுபார்க்கக்கூட வங்கிக் கடன் கிடைக்காத நிலையில், பூச்சு உரிந்தது, தூண் சாய்ந்தது, உடைமையாளர் வெளியூர்க்காரரானார். எண்பது ஆண்டுகள் கழித்து அத்தெருவைப் பார்க்கும் புதிய மாணவர், ‘இவர்கள் வீட்டை இப்படி வைத்திருக்கிறார்களே’ என்று முடிவுகட்டுகிறார். கடன் மறுத்தவர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவரின் முகம் மட்டும் தெரிகிறது.

அடுத்த அடி மேம்பாட்டின் பெயராலேயே விழுந்தது. 1954 முதல் 1970 வரை மேயராக இருந்த ரிச்சர்ட் லீ, மத்திய அரசின் ‘நகர்ப் புத்தாக்க’ நிதியை, அதாவது பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கான மானியத்தை, ஆள்வீதக் கணக்கில் வேறெந்த நகரையும்விட அதிகமாகப் பெற்றுக்கொண்டுவந்தார். நாடு முழுவதும் நியூ ஹேவனை முன்மாதிரி நகரமென்று போற்றியது. யூதர், இத்தாலியர், கறுப்பினத்தவர் எனப் பலரும் கலந்து வாழ்ந்த ஓக் தெருப் பகுதி 1950-களின் பிற்பாதியில் தரைமட்டமாக்கப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட குடும்பங்களும் நூற்றுக்கணக்கான சிறு கடைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. எதற்காக? புறநகர்வாசிகள் காரில் விரைந்து நகர மையத்துக்கு வருவதற்கான இணைப்பு நெடுஞ்சாலைக்காக. அச்சாலையும் திட்டமிட்டபடி மேற்கே நீளாமல் சிறிது தூரத்திலேயே நின்றுபோக, அதற்கெனக் காலிசெய்யப்பட்ட நிலம் பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. அரசறிவியலாளர் ராபர்ட் டால் 1961-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், ஒரு நகரில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை இதே நியூ ஹேவனை வைத்து ஆராய்ந்தது. அதிகாரம் பலரிடம் பரவியிருக்கிறது என்பது அதன் முடிவு. அம்முடிவை ஓக் தெருவின் கடைக்காரர் ஒருவர் ஏற்றிருக்க மாட்டார். 1967 ஆகஸ்டில் ஹில் பகுதியில் வெடித்த கலவரத்தில் முன்மாதிரி நகரமென்ற புகழ் முடிவுக்கு வந்தது. அந்நெடுஞ்சாலையை மூடி, மேலே தெருவும் கட்டடங்களும் எழுப்பும் பணி இந்நூற்றாண்டில்தான் தொடங்கியது. எழுந்துள்ளவற்றில் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகங்களே முதன்மையாக இருக்கின்றன, வெளியேற்றப்பட்டோரின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை.

வேலை போன கதை சுருக்கமானது. நியூஹால்வில் முழுவதையும் ஒருகாலத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலை வாழவைத்தது. உலகப்போர்க் காலங்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தனர், தென்மாநிலங்களின் இனக்கொடுமைக்குத் தப்பி வடக்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள் அவ்வேலையை நம்பியே இங்கு வீடு வாங்கின. ஆலை படிப்படியாகச் சுருங்கி 2006-இல் மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆலைக் கட்டடத்தின் ஒரு பகுதி இன்று உயர்வாடகை அடுக்ககம். ஆலை மூடிய சில ஆண்டுகளிலேயே, முறையற்ற நிபந்தனைகளோடு தலையில் கட்டப்பட்ட வீட்டுக்கடன்களால் 2008-இன் நெருக்கடி அதே தெருக்களைத் தாக்கியது; அறையப்பட்ட ஒட்டுப்பலகைகளில் பல அந்நாட்களின் எச்சம்.

இங்கு அமெரிக்காவை மனமாரப் பாராட்ட வேண்டிய ஓர் இடம் வருகிறது. மேலே கூறிய ஒவ்வொன்றும் எவரும் காணத்தக்க பொது ஆவணமாக இருக்கிறது. 1937-இன் வரைபடத்தையும், எழுத்தர் நிரப்பிய படிவத்தையும் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பள்ளி மாணவர்கூடத் தம் தெருவுக்கு என்ன நிறம் தீட்டப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு வீட்டின் உடைமையாளர் யார், எந்த ஆண்டில் என்ன விலைக்கு வாங்கினார், எவ்வளவு வரிக்கு மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை நகராட்சியின் பதிவேட்டில் எவரும் தேடலாம்; பழுதான மூன்றுமாடி வீட்டின் உடைமையாளர் வேறு மாநிலத்து நிறுவனம் என்பதும் அப்பதிவேட்டிலேயே வெளிப்பட்டுவிடும். 1831 செப்டம்பரில், நியூ ஹேவனில் கறுப்பின இளைஞர்களுக்கென ஒரு கல்லூரி நிறுவும் முயற்சியை நகர மக்கள் கூட்டம் ஏறத்தாழ 700-க்கு 4 என்ற வாக்கில் தோற்கடித்த செய்தியும் மறைக்கப்படவில்லை. அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கல்லூரியாக அது எழுந்திருக்கக்கூடும். கல்வியால் புகழ்பெற்ற நகரம் கல்வியையே மறுத்ததை இன்று அந்நகரமே எடுத்துப் பேசுகிறது. அடிமைமுறையோடு தனக்கிருந்த உறவை ஆராய்ந்து நூலாக வெளியிட்ட யேல் பல்கலைக்கழகம், 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்பும் கேட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான ஓர் ஆவணத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டால், தலைகுனியத்தான் வேண்டும். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்துவைக்க எந்த எழுத்தரும் வரைபடம் தீட்ட வேண்டியிருக்கவில்லை. குளத்துக்கும் கோயில் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் எல்லை எதுவென்று ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்திருந்தது, பல ஊர்களில் இன்றும் தெரிந்திருக்கிறது. நியூ ஹேவனின் மேற்கோரத்தில், அரசு கட்டிக்கொடுத்த ஏழைகளின் வீடுகளை ஹாம்டனிலிருந்து பிரித்து நின்ற கம்பிவேலி பல பத்தாண்டுகளுக்குப் பின் 2014-இல் அகற்றப்பட்டது. அதுவரை பக்கத்துக் கடைக்குப் போகப் பேருந்தில் சுற்றிவர வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைத் தடுத்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-இல் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் அப்படியொரு சுவர் 2019 டிசம்பர் மழையில் தானே சரிந்து, அருந்ததியர் குடியிருப்பின்மீது விழுந்து 17 உயிர்களைக் கொண்டுபோனது. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனவரிடம் சாதியை நேராகவோ, ‘சைவமா’ என்ற கேள்வியின் வழியாகவோ விசாரிப்பது சென்னையில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்காவில் இனத்தின் பெயரால் வீடு மறுப்பது 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்படி வழக்குக்குரியது. அச்சட்டத்தின் பாதுகாப்பில்தான் தமிழ் மாணவரும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அச்சட்டம் தானாக வந்ததன்று, கறுப்பின மக்களின் நெடும்போராட்டத்தில் கிடைத்தது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். டிக்ஸ்வெல்லின் தேவாலயங்களும் அப்போராட்டத்தில் இருந்தன.

ஆவணப்படுத்துவது வேறு, ஈடுசெய்வது வேறு. அமெரிக்கா முதலாவதில் சிறந்தும் இரண்டாவதில் கைசுருக்கியும் நிற்கிறது. அந்நாட்டில் பள்ளி, காவல், தீயணைப்பு ஆகியவற்றின் செலவை அந்தந்த ஊரின் சொத்துவரியே பெரிதும் ஏற்கிறது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் பயன்படும் இலாபநோக்கற்ற நிறுவனங்களின் நிலத்துக்கு அவ்வரி இல்லை. நியூ ஹேவனின் சொத்துமதிப்பில் பாதிக்கும் மேற்பட்டது இவ்வாறு வரிவிலக்குப் பெற்றது. மாநில அரசு ஓரளவு இழப்பீடு தருகிறது. பல்கலைக்கழகமும் 1990-களின் தொடக்கத்திலிருந்து விருப்பத்தொகை தந்துவருகிறது. 2021-இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி ஆறு ஆண்டுகளில் அது தருவது ஏறத்தாழ 13.5 கோடி டாலர். நிலைநிதியோடு ஒப்பிட்டால் இத்தொகை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நகரப் பள்ளி மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவித்தொகை, உள்ளூரில் வீடு வாங்கும் ஊழியருக்கு மானியம், கட்டடக்கலை மாணவர்களைக் கொண்டு எளியோருக்கு வீடு கட்டித்தரும் திட்டம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் நடத்துவதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் வரி என்பது உரிமை, கொடை என்பது தயவு. ஒரு நகரம் தன் பள்ளிக்கூடத்தைத் தயவில் நடத்தக்கூடாது.

ஓக் தெருவில் ஏழைகளை அப்புறப்படுத்தியோர் செய்த பிழை சென்னைக்கும் பொதுவானது. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட காலத்தில், மக்கள் வாழ்ந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, அடுக்குமாடிகள் கட்டித்தருவது முதன்மையான கொள்கையாக இருந்தது. ஓக் தெருவை இடித்த அமெரிக்காவைவிட அது மனிதநேயம் மிக்க கொள்கை. இந்நூற்றாண்டில் அதே வாரியம் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தோரைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குவித்தது. வீட்டுவேலைக்கும் மீன்விற்கவும் போகும் பெண் இரண்டு பேருந்து மாறிப் பயணம் செய்கிறார். அம்முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று இளைஞர்கள் முறையிடுகிறார்கள். தன் நல்ல கொள்கையை விட்டுவிட்டு, அமெரிக்கா 1967-இல் தீப்பிடித்துக் கற்ற பாடத்தின் எதிர்த்திசையில் தமிழ்நாடு நடந்தது வருத்தத்துக்குரியது.

நியூ ஹேவனுக்குத் தமிழ்நாட்டோடு உள்ள உறவு ஒப்புமையோடு முடிவதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரியவரான எலைகூ யேல், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். தம் சொந்த வணிகத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் நீக்கப்பட்டவர். 1680-களில் சென்னைக் கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதும், அதை நடத்திய ஆட்சிக்குழுவில் அவர் அமர்ந்திருந்ததும் கோட்டைப் பதிவேடுகளில் உள்ளன. சோழமண்டலக் கரையில் சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய அவர், 1718-இல் ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் அரசரின் உருவப்படம் ஒன்றும் கல்லூரிக்கு அனுப்பினார்; சரக்கை விற்றுக் கிடைத்த 562 பவுனில் கட்டடம் எழுந்தது, கல்லூரி அவர் பெயரை ஏற்றது. அவருடைய மகனின் கல்லறை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. யேலின் கலைக்கூடத்தில் உள்ள ஓர் ஓவியத்தில் அவர் தம் சுற்றத்தாரோடு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, ஓரத்தில் கழுத்தில் பூட்டிட்ட உலோக வளையத்தோடு ஒரு கறுப்பினச் சிறுவன் மது பரிமாறி நிற்கிறான். அச்சிறுவன் யாரென்று அறிய அண்மையில் ஆய்வு நடத்தப்பட்டு, ஓவியம் விளக்கத்தோடு மீண்டும் வைக்கப்பட்டது. தமிழ் மாணவர் அந்நகருக்குத் தொடர்பற்ற விருந்தாளியாக வரவில்லை. அவருடைய ஊரில் திரட்டிய பொருளும், அவருடைய கரையில் விற்கப்பட்ட மனிதர்களும் அக்கல்லூரியின் பெயருக்குள் இருக்கிறார்கள்.

பாதுகாப்புப் பற்றிய கவலை பொய்யானதன்று. இப்பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது; இரவில் தனியாக நடப்பதைத் தவிர்ப்பதும், தெரியாத இடத்தில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்காமல் இருப்பதும் அறிவுடைமையே. ஆனால் அத்துப்பாக்கிக்கு இரையாவோர் பெரும்பாலும் அத்தெருக்களிலேயே வாழ்பவர்கள், பிள்ளையை இழந்தும் அங்கேயே வாழ வேண்டியவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாத எச்சரிக்கை அரைகுறையானது. டிக்ஸ்வெல்லில் 1924 முதல் இயங்கிய கியூ ஹவுஸ் என்ற சமூகக்கூடம் 2003-இல் மூடப்பட்டபோது அப்பகுதி மக்கள் அதை விட்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்டு, அலைந்து, நிதி திரட்ட வைத்து 2021-இல் புதிய கட்டடத்தில் மீண்டும் திறக்கச் செய்தார்கள். நூலகமும் விளையாட்டரங்கும் முதியோர் கூடமும் அதில் இருக்கின்றன. உள்ளே போக எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘கெட்ட ஏரியா’ என்ற பட்டியலில் இக்கூடம் இடம்பெறுவதே இல்லை.

படிப்பு முடிந்து வேலை கிடைத்தபின் தமிழ்க் குடும்பங்கள் ‘நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ தேடி ஆரஞ்சு, வுட்பிரிட்ஜ் போன்ற புறநகர்களுக்குப் போவதைக் குறைசொல்ல இயலாது. பிள்ளைகளின் படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள் அவர்கள். ஆயினும் பெரிய மனைகளுக்கே இடம் தரும் கட்டட விதிகளால் அப்புறநகர்கள் ஏழைகளை வெளியே நிறுத்துகின்றன என்பதை அறிந்து, அவ்விதிகளைத் தளர்த்தும் தீர்மானம் ஊர்க்கூட்டத்தில் வரும்போது எதிர்த்துக் கைதூக்காமல் இருக்க அவர்களால் முடியும். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில், வாடகை வருமானத்துக்காகப் பழைய மூன்றுமாடி வீடுகளைக் கூட்டாக வாங்கும் ஆலோசனைகள் இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்களிடையே பரவிவருகின்றன. வாங்கும் தெருவில் ஒருநாளும் நடக்காமலேயே உடைமையாளராகிவிட முடிகிறது. 1978-க்கு முந்திய வீட்டை வாடகைக்கு விடுவோர், அங்கே ஈயப்பூச்சு இருப்பது தெரிந்திருந்தால் குடியிருப்போரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்பது 1992-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம். தெரிவிப்பதோடு நின்றுவிட வேண்டாம். குடிவைப்பதற்கு முன் பரிசோதித்து, உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டு அப்பூச்சை அகற்றி, சன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள். அதற்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் நியூஹால்வில்லில் வீடு வாங்காதீர்கள்.